கம்பெனி ஓட்டை

2022 மாசி மாதம், தூத்துக்குடியில் என் வீட்டு வேப்பமரத்தடிக்கு ஒரு மாருதி ஆம்னி வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். 1997 மாடல். ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை நிறம். கண்ணுக்கு முக்கால்வாசி பழுப்பாகத் தெரிந்தது. அந்தச் செப்டம்பரோடு பதிவு முடிகிறது. சொந்த உபயோக வண்டிக்கு முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக ஏற இருந்தது. தகரம் இருந்த நிலையில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டவும் முடியாது. எடைக்குப் போட்டுவிடுவதாக இருந்தார்கள். எடைக்கு என்ன விலையோ, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த வண்டியை எனக்கு முன்பே தெரியும். 2003இல் கருவாட்டு வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர், நான் வேலை பார்த்த பட்டறைக்கு இதைக் கொண்டுவந்தார். இடது பக்கத் தள்ளுகதவுக்கு அடியில் தகரம் ஓட்டை விழுந்திருந்தது. நான்தான் அடைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு கை மாறி, ஊர் சுற்றி, 19 வருடம் கழித்து மறுபடி என் கண்ணில் பட்டபோது, அதே இடம் அதைவிடப் பெரிதாகப் பிளந்து கிடந்தது. நான் செய்த வேலை ஏன் நிற்கவில்லை என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அதற்காகவே வாங்கினேன்.

நான் டிங்கர். 1982இல் பதினைந்து வயதில் பட்டறைக்குள் போனேன். அப்போது கைக்கு வந்ததெல்லாம் அம்பாசிடர், பியட், ஜீப், லாரி கேபின். 1984இல் மாருதி வேன் வந்தது; 1988இல் அதற்கு ஆம்னி என்று பெயர் மாற்றினார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின், முன்சீட்டுக்கு அடியில். அம்பாசிடர் தகரத்தில் சுத்தியல் பிடித்துப் பழகிய கைக்கு இதன் தகரம் அப்பளம் போல இருந்தது. இரண்டு அடி கூடுதலாகப் போட்டால் தகரம் நீண்டு, அலையடித்து நிற்கும். கை இறங்கி அடிக்க இரண்டு வருடம் ஆனது. 2019இல் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுபோனது. அதற்குள் இந்தக் கை எத்தனை ஆம்னியைத் தொட்டிருக்கும் என்று கணக்கு இல்லை. மூட்டுவலி வந்தபிறகு பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் ஒரு வண்டி, ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் வெட்டியதற்கும் ஒட்டியதற்கும் கூலி உண்டு. ஏன் துருப்பிடித்தது என்று உட்கார்ந்து யோசித்ததற்குக் கூலி கிடையாது. வண்டிக்காரர் வாசலில் நிற்பார். நாளைக்கு எஃப்.சி. என்பார். முதலாளி மணியைப் பார்ப்பார். ஓட்டையை அடைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, சாயங்காலத்துக்குள் சாவியைக் கொடுப்போம். அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்ட வேலையைத்தான் செய்தோம். வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டிக்கு யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் வண்டி பார்ப்பதன் பெரிய லாபம் கூலி மிச்சமாவது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், காரணம் கிடைக்கும்வரை காத்திருக்க முடிவதுதான் லாபம்.

லாரிக்கும் ஜீப்புக்கும் சேஸ் தனியாக இருக்கும். மேலே உட்காரும் கூடு தனி. ஆம்னியில் அப்படி இல்லை. தரையும் பக்கவாட்டும் கூரையும் சேர்ந்ததுதான் பாரம் தாங்கும் உடம்பு. தள்ளுகதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பாகத்தை நாங்கள் ரன்னிங் போர்டு என்போம். அது அழகுக்கு வைத்த தகடு என்று நினைத்துச் சட்டென்று அறுத்தால், வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவுக்காக விட்ட வாய் பெரியது. அதற்கு அடியில் தாங்குவது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அதனால் முதல் ஒரு வாரம் கட்டிங் வீலைக் கையில் எடுக்கவில்லை. டேப்பை எடுத்தேன். இரண்டு பக்கக் கதவு வாயையும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். வலது பக்கத்தைவிட இடது பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் மாறியிருந்தது. வண்டி ஏற்கெனவே தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியோடு வந்த பழைய பில்களில் அந்தப் பக்கக் கதவுக்கு இரண்டு தடவை ரோலர் மாற்றிய செலவு இருந்தது. தள்ளுகதவு மேலே, நடுவே, கீழே என மூன்று ரோலரில் ஓடும். கதவு இழுத்தால் வரவில்லை என்றதும் ரோலரை மாற்றியிருக்கிறார்கள். ரோலர் ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் தரையே இறங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அடியில் ஜாக்கி கொடுத்து, தகரம் நசுங்காமல் இருக்க நடுவே பலகை வைத்து, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இரண்டு பக்க அளவும் ஒன்றானதும் ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டுதான் வேண்டும். பிறகு கதவு வாயின் குறுக்கே ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்துக் கட்டினேன். உடைந்த காலுக்குச் சிம்பு கட்டுவது போல. அதன்பிறகுதான் அறுத்தேன்.

மேலே இருந்தது ஃபைபர் பாயும் பட்டியும். சுத்தியலால் தட்டியதும் பாளம் பாளமாக விழுந்தது. அதற்குள்ளே ரிவிட் அடித்த ஒரு தகடு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அந்தப் பருமன் ரிவிட்டுகளைப் பிடுங்கி வெளியே தள்ளியிருந்தது. அதையும் எடுத்தேன். அதற்கும் அடியில், பழுப்புத் தூளுக்கு நடுவே, மஞ்சளாக ஒரு கோடு மின்னியது. பித்தளை வெல்டிங். எனக்கு இடதுகைப் பழக்கம். நான் கம்பி ஊட்டினால் உருகிய பித்தளையின் அலைகள் வலமிருந்து இடமாகச் சாய்ந்து படியும். எங்கள் பட்டறையில் வேறு யாருக்கும் அப்படி வராது. தரையில் மண்டியிட்டு என் கையெழுத்தையே வாசித்தேன்.

பித்தளைக் கோடு அப்படியே இருந்தது. அதை ஒட்டியிருந்த இரும்பைத்தான் காணோம்.

அந்தக் காலத்தில் மெல்லிய தகரத்துக்குப் பித்தளைக் கம்பியும் பிளக்ஸ் பவுடரும் கேஸும்தான் எங்கள் ஆயுதம். சூடு குறைவு, தகரம் உருகி ஓடாது, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இரும்பும் பித்தளையும் ஒட்டி நிற்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி போல வேலை செய்யும். அதில் கரைந்து தீர்வது இரும்பு. கழுவாமல் விட்ட பிளக்ஸும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கருவாட்டுக் கூடையிலிருந்து ஒழுகிய உப்பு நீர், உப்பளக் காற்று, என் பித்தளை மூன்றும் அங்கே கூடியிருந்தன. பாதிக் காரணம் கிடைத்தது. மீதிப் பாதியை அடுத்த வீட்டுப் பையன் கண்டுபிடித்தான்.

அவன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தான். லீவு நாளில் வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். நான் இடது பக்கம் தேய்த்துக்கொண்டிருக்க, அவன் டார்ச்சோடு வலது பக்கத்துக்கு அடியில் படுத்திருந்தான்.

“மாமா, இங்க ஒரு ஓட்டை இருக்கு. இது கம்பெனி ஓட்டையா, துரு ஓட்டையா?”

போய்ப் பார்த்தேன். ரன்னிங் போர்டின் அடிமட்டத்தில் விரல் நுனி நுழையும் அளவில் ஓர் ஓட்டை. விளிம்பு சீராக, அச்சில் குத்தியது போல இருந்தது. தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே விட்ட வழி. கண்ணாடி ரப்பர் வழியாகவும் கதவுத் தண்டவாளம் வழியாகவும் உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாக வெளியேற வேண்டும். வலது பக்கத்தில் அது திறந்திருந்தது. அந்தப் பக்கம் துருவும் குறைவு. இடது பக்கம் போய் அதற்கு நேர் இடத்தைப் பார்த்தேன். அங்கே என் தகடு படிந்திருந்தது. துரு ஓட்டையோடு சேர்த்துக் கம்பெனி ஓட்டையையும் அடைத்திருக்கிறேன்.

19 வருடமாக அந்தப் பெட்டிக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நின்றிருக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் தகட்டின் மேலேயே ஒட்டினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அடியில் மூடியது நான். அன்று சாயங்காலம் வேலை எதுவும் ஓடவில்லை. இந்த ஊரில் என் கையால் இப்படி மூடிய ஓட்டைகள் இன்னும் எத்தனை வண்டியில் இருக்கின்றனவோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் அறுக்க வேண்டியதை எல்லாம் அறுத்தேன். சுத்தமான இரும்பு தெரியும்வரை. துருவுக்குப் பக்கத்தில் ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், பக்கத்து இரும்பு போகும். 20 கேஜ் தகரத்தை மடித்து, புதிய பெட்டியைப் பழைய அளவுக்கே செய்தேன். வடிகால் ஓட்டைகளை ஒட்டுவதற்கு முன்பே, வலது பக்கத்தை அளந்து, அதே இடங்களில் போட்டேன். பித்தளையைத் தொடவில்லை. சி.ஓ.டூ வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் வயரையும் பிரித்துவிட்டேன். மெல்லிய தகரத்தில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டால் சூட்டில் கோணிவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறட்டும் என்று திரும்பி வந்து நடுவே ஒரு புள்ளி. அப்படியே புள்ளிகள் கோடாகின்றன. பட்டறையில் இந்த நிதானத்தை யார் கொடுப்பார்கள்?

கடலோர ஊரில் தகரத்தைத் தேய்ப்பதைவிடக் கழுவுவதுதான் முக்கியம். துருக் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். பளபளவென்று தேய்த்த பிறகும் இருக்கும். அதன்மேல் பிரைமர் அடித்தால் பெயிண்டுக்கு அடியிலேயே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு. அதனால் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சுட வைத்து, கம்பி பிரஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எனக்கு வேலை கற்றுத் தந்த மேஸ்திரி ஈரத்துணியால் தகரத்தைத் துடைத்து, துணியை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. என் வழி வேறு. கழுவிய தகரத்தை ஓர் இரவு அப்படியே விட்டுவிடுவேன். உப்பு மிஞ்சிய இடம் இரவு ஈரத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்து, காலையில் தானே காட்டிக் கொடுக்கும். அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவித் தேய்ப்பேன். மூன்றாவது காலையில் ஒரு புள்ளியும் இல்லை.

காற்றையும் பார்த்தேன். கடலிலிருந்து கொண்டல் வீசும் நாளில் காலையில் தேய்த்த தகரம் மாலைக்குள் சிவந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காய்ந்த காற்று, பிரைமருக்கு ஏற்றது. ஆனால் ஊர்ப் புழுதியெல்லாம் அதோடு வரும். ஆகவே கச்சான் மாதத்தில், காற்று எழும் முன், விடிந்தும் விடியாமலும் எபாக்சி பிரைமர் அடித்து முடித்தேன். மேல்பூச்சு மட்டும் வீட்டில் அடிக்கவில்லை. இப்போதைய 2கே பெயிண்டில் கலக்கும் ஹார்டனர் நுரையீரலுக்குக் கேடு. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் அல்ல அது. பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில், ஆர்.சி.யில் எழுதிய அதே வெள்ளையில் அடித்து வந்தோம். பெட்ரோல் டேங்கை வெல்டிங் வைப்பதும் வீட்டில் கூடாது. காலி டேங்க்தானே என்று நெருப்பைக் கொண்டு போகக் கூடாது. உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும். எதை வீட்டில் செய்யக் கூடாது என்று தெரிவதும் தொழில்தான்.

இன்ஜின் என் வேலை இல்லை. ஆனால் பல வருடம் மெக்கானிக்குகளோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததில் கொஞ்சம் தெரியும். இந்த வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்று கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்திருந்தார்கள். தெர்மோஸ்டாட் உறையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எப்போதோ யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டை எட்ட வெகுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் முழுதாக எரியாது, ஆயிலும் கெடும். புதிது ஒன்று வாங்கி, அடுப்பில் பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரி அடுப்பைக் கூட்டிக் குறைக்க, நான் வெப்பமானியைப் பார்த்தேன். 80 டிகிரி தாண்டியதும் அதன் வாய் மெல்லத் திறந்தது. உள்ளே இருக்கும் மெழுகு இளகி விரிவதால் நடப்பது அது. “இம்புட்டுதானா?” என்றாள். இவ்வளவுதான். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய பழக்கத்தையும் நிறுத்தி, கூலன்ட் ஊற்றினோம்.

முன்விளக்கு மங்கலாக எரிந்த கதையும் அப்படித்தான். பல்பு மாற்றியிருந்தார்கள், ஆல்டர்னேட்டரையும் மாற்றியிருந்தார்கள். பையன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். பேட்டரியில் வோல்டேஜ் சரியாக இருந்தது. பல்புக்குப் போய்ச் சேரும்போது இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தது. பாடியில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு. தேய்த்து, முறுக்கி, கிரீஸ் தடவினோம். விளக்கு வெள்ளையாக எரிந்தது. பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் கேள்வி கேட்காமல் மாற்றினேன். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். நின்றே கிடக்கும் வண்டிக்கு அது இன்னும் கேடு.

கதவுக்கு இப்போதுதான் ரோலர் தேவைப்பட்டது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புதுப்பேட்டை. கதவு மட்டும் விற்கும் கடை, கண்ணாடி மட்டும் விற்கும் கடை, கியர்பாக்ஸ் மட்டும் அடுக்கிய கடை என்று தெருத் தெருவாக இருக்கும். வாயால் சொல்லிக் கேட்கக் கூடாது. கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டு போக வேண்டும். ஒரே பெயருள்ள வண்டிதான், ஆனால் வருடத்துக்கு வருடம் சில பாகங்கள் மாறியிருக்கும். என் பழைய ரோலர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பேரிங் சத்தம் கேட்டு, மூன்றையும் எடுத்து வந்தேன். மாட்டியதும் கதவு ஒரு விரல் தள்ளலுக்கு ஓடியது.

கடைசி வேலை பெட்டிக்கு உள்ளே. வெல்டிங் சூட்டில் உட்பக்கத்துப் பிரைமர் எரிந்திருக்கும். அங்கே கை போகாது. நீளக் குழாய் வைத்த கன்னால் மெழுகுக் கலவையை உள்ளே பீய்ச்சினேன். பீய்ச்சப் பீய்ச்ச அடியில் வடிகால் ஓட்டைகளிலிருந்து மெழுகு சொட்டியது. எந்த ஓட்டையில் சொட்டவில்லையோ அதைக் கம்பி விட்டுத் திறந்தேன்.

ஆவணி கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டினேன். அடியில் குனிந்து பார்த்தார்கள், பிரேக் பார்த்தார்கள், விளக்கு பார்த்தார்கள். ஐந்து வருடம் கிடைத்தது.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, பையன் குடையோடு ஓடி வந்தான். நான் திண்ணையில் இருந்தேன். அவன் ஈரத்தரையில் முழங்கை ஊன்றி, டார்ச்சை வண்டிக்கு அடியில் பிடித்தான். “வடியுது மாமா. இந்தப் பக்கமும் வடியுது.” நானும் போய்க் குனிந்து பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் நூல் பிடித்தது போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மழை விட்டு வெயில் காய்ந்ததும் மஞ்சள் பெயிண்ட் டப்பாவையும் சின்ன பிரஷையும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். ஒவ்வொரு வடிகாலைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டேன். இன்னும் சில வருடம் கழித்து யாரோ ஒரு டிங்கர் இந்த வண்டிக்கு அடியில் படுப்பான். அவனுக்கும் வாசலில் வண்டிக்காரர் நிற்பார், சாயங்காலத்துக்குள் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கும். அவன் வெல்டிங்கைப் பற்றவைக்கும் முன் அந்த மஞ்சள் வட்டம் கண்ணில் பட வேண்டும்.